கல் பொறுக்குதல்

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
மார்பகப் படம் எடுக்க வரலாம் என்று
கிளினிக்கில் தந்த சீட்டு
மூன்று வாரமாய் ஃப்ரிட்ஜ் கதவில்,
மின்கட்டணத்துக்கு அடியில்.

"அமுக்கி ஒரு படம் எடுப்பாங்க, போடி"
என்கிறாள் பக்கத்துத் தையல் மிஷின் பூவேந்திரி.
நாத்தனார் போனில்:
"தேடினாத்தானே கிடைக்கும்?"

நர்ஸ் சிபோங்கிலே மட்டும் கேட்டாள்,
உனக்கு எது பயம்?
இருப்பது தெரிந்துவிடுவதா,
இல்லாததற்குக் கூப்பிட்டு ஊசி குத்துவதா?
இரண்டும்தான் என்றேன்.
இரண்டும் நடப்பதுண்டு என்றாள்,
மறைக்காமல்.

இரவு. தட்டில் கொட்டிய சுகர் பீன்ஸில்
கல் பொறுக்குகிறேன்.
கல்லென்று எடுத்து
விளக்கில் பிடித்தால் சுருங்கிய பீன்ஸ்.
சிலது கல்லேதான்,
ஆனால் எந்தப் பல்லிலும் படாமல்
சட்டியடியிலேயே கிடந்திருக்கும்.
போன தீபாவளிக்கு
என் கடைவாய்ப்பல்லை உடைத்தது
இதன் உடன்பிறப்பு.
உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறேன்,
எது எதுவென்று முகத்தில் எழுதியில்லை.
என் கண்ணுக்குத் தப்பி
உலைக்குப் போனதும் இருக்கும்.

பாதியில் கரண்ட் போய்விட்டது.
கைபேசி வெளிச்சத்தில்
சீட்டை உருவினேன்.
வியாழக்கிழமைக்கு ஒரு டிக்.
பின்பக்கத்தில்
கோணல்மாணலாய் மூன்று கேள்விகள்.

பதில் வரட்டும்.
அப்புறம்தான் ரவிக்கைப் பொத்தான்.