சர்க்கரை வாங்கியதற்கு விளக்கம்

தணிக்கைக் குறிப்பு பதினேழில் கேட்டிருக்கிறீர்கள்:
நூறு கிராம் சர்க்கரைக்கு
ஒன்பதாயிரத்து நானூறு ரூபாயா,
தேநீர்ச் செலவைத் தனித் தலைப்பில் காட்ட வேண்டாமா என்று.

ஐயா, அது தேநீரில் போடுகிற சர்க்கரை இல்லை.
(ஒருமுறை போட்டுப் பார்த்தேன், மறைக்கவில்லை.
பாதிதான் இனிக்கிறது.)
பெயர் டிரெஹலோஸ்.
இரண்டு குளுக்கோஸ்கள்
ஒட்டுகிற கையை ஒன்றுக்கொன்று கொடுத்துவிட்டு
வேறெதையும் சீண்டாமல் நிற்பது.
தனிக் குளுக்கோஸ் என்றால்
புரதத்தோடு மெல்ல மெல்லப் பற்றிக்கொண்டு
அடிப்பிடித்த பாயசம்போல் பழுக்க வைத்துவிடும்.

இதை நான் புத்தளம் அளத்தில் பார்த்தேன்.
பங்குனியில் பாத்தி வற்றும்போது
காற்று ஒதுக்கும் மூலையில்
தவிட்டுநிறத்தில் ஒரு பொடி சேரும்.
உப்பு வாருகிற தங்கலீலா, என்னோடு பத்தாவது வரை படித்தவள்,
பலகையால் அதைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:
"இது சாவாது பிள்ளே, சும்ம கெடக்கும்."

ஒவ்வொரு துகளும்
பாதியில் நின்ற ஓர் உவர்இறால்.
மூச்சில்லை. பசியில்லை.
வரவும் இல்லை செலவும் இல்லை,
நீங்கள் தணிக்கை செய்தாலும் குறை காண முடியாது.
எடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு
நான் வாங்கிய அதே சர்க்கரை.

தண்ணீர் என்றால் குடிப்பதை நினைக்கிறோம்.
உயிரணுவுக்குள் அது
ஆயிரம் இடங்களில் தாங்கிப் பிடித்திருக்கும் கை.
அது கிளம்பினால் சவ்வு சரியும்,
அழகாக மடிந்திருந்த நொதி அவிழ்ந்து
பக்கத்து நொதியோடு சிக்காகும்.
பிறகு எவ்வளவு ஊற்றினாலும் திரும்பாது.
தோவாளையில் ராத்திரி முழுக்கத் தெளிக்கிறார்களே,
ஒரு மணிநேரம் மறந்த பிச்சிப்பூவை
எந்தத் தண்ணீர் மீட்டிருக்கிறது?

சர்க்கரை செய்வது இவ்வளவுதான்.
நீர் விட்ட இடத்தில் உட்கார்ந்து
நீர் விட்ட பிடியைப் பிடிக்கிறது.
பிறகு தானே இறுகிக் கண்ணாடியாகிறது.
உள்ளே எதுவும் அசைய முடியாது.
அசையாததால் கெடுவதற்கும் வழியில்லை.

வடசேரி சந்தையில் கால் கிலோ ஆட்டீரல் வாங்கினேன்
(குறிப்பு பதினெட்டுக்கும் இதுவே பதில்).
அதிலிருந்து கேட்டலேஸ் நொதியைப் பிரித்து
ஒரு பங்கை உறைபெட்டியில் வைத்தேன்,
ஒரு பங்கை வெறுமனே உலர்த்தினேன்,
ஒரு பங்கைச் சர்க்கரையோடு உலர்த்திக்
குப்பியில் அடைத்து மேசை இழுப்பறையில் போட்டேன்.

கார்த்திகைக் காற்று கம்பங்களைச் சாய்த்தது.
எங்கள் தெருவில் ஒன்பது நாள் கரண்ட் இல்லை.
பத்தாம் நாள் உறைபெட்டியைத் திறந்தவுடன்
காவலாளி சேவியர்ராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டு
வெளியே ஓடினார்.

மூன்றிலும் பெராக்சைடு சொட்டினேன்.
உறைபெட்டியில் இருந்தது சும்மா இருந்தது.
வெறுமனே உலர்ந்தது
ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல்
நாலைந்து குமிழ்.
இழுப்பறைக் குப்பி
பொங்கியது ஐயா, விளிம்பு தாண்டி,
என் பதிவேட்டின் மேல் வழிந்தது.
பக்கம் நாற்பத்தொன்றில் உள்ள கறை அதுதான்.
திருத்தல் அல்ல.

எல்லாக் குப்பியும் பிழைக்கவில்லை.
ஒன்றின் ரப்பர் மூடி சரியாக இறங்காமல்
ஈரக்காற்று புகுந்து, கண்ணாடி இளகி
பாகாகிக் கிடந்தது.
அந்தக் குப்பியின் விலையை
என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

இத்துடன் ஒரு காகித உறை இணைத்துள்ளேன்.
உள்ளே ஒரு சிட்டிகைப் பொடி.
குப்பை என்று தட்டிவிட வேண்டாம்.
சங்குத்துறைக் கடல்தண்ணீர் ஒரு தம்ளர் எடுத்து
அதில் தூவி
மேலே விளக்கை எரிய விடுங்கள்.
ஒன்றரை நாள் பொறுத்து
குனிந்து பாருங்கள்.

அதன் பிறகு
குறிப்பு பதினேழை
நிலுவையில் வைப்பதா, நீக்குவதா
என்று எழுதுங்கள்.

இப்படிக்கு
ய. ஜெபஷீலா
ஆய்வகப் பணியாளர், நாகர்கோவில்