சிக்னல்

கன்றுகளை நிறுக்கும் தராசில்தான்
காலையில் ஏறி நிற்கிறான் டெல்மர்.
எடை கூடினால் கன்றுக்கு விலை.
இவனுக்கு அது நீர்.
பூட்ஸ் கயிறு கட்டியே நாளாயிற்று.

மொன்டானாவில் இந்தப் பக்கம்
இதய டாக்டர் மாதம் ஒரு செவ்வாய் வருவார்,
பனி விட்டால்.

தம்பி வெண்டலுக்கும் அதே அப்பாவின் இதயம்தான்.
டென்வரில் லிஃப்டில் இறங்கி
ஒரு சிக்னல் தாண்டினால் ஆஸ்பத்திரி.
போன வாரம் மூச்சு முட்டிப் போனவன்
ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டான்.

"மூன்று பவுண்டு ஏறினால் உடனே கூப்பிடுங்கள்"
என்றிருக்கிறாள் நர்ஸ்.
இன்று ஐந்து.

ஃபோன் எடுப்பது மேட்டு உச்சியில் மட்டும்.
இந்தப் பனியில் வண்டி ஏறாது.
மூச்சு முட்டுகிறது என்று சொல்ல
நடந்தே ஏறுகிறான்.

பாதியில், வேலிக்கம்பத்தைப் பிடித்தபடி.
தீவனம் என்று நம்பிப் பின்னால் வந்த பசுவும்
நிற்கிறது.