பத்தாவது ஆணி

லியெபாயாவில் ஒரே ஒரு டிராம் தடம்.
கடல்காற்று முதல் வண்டியிலேயே ஏறிவிடும்,
டிக்கெட் வாங்காமல்.

காலை நாலு மணி. மைனஸ் பதினொன்று.
தண்டவாளம் இரண்டாய்ப் பிரியும் இடத்தில்
குனிந்து, உறைந்த பனியைக் கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தார்
ஸ்கைத்ரிதே ஸ்விர்புலே, வயது ஐம்பத்தெட்டு.

பெயரை இரண்டு தடவை கேட்டு எழுது: முதல் பாடம்.
வயதை ஊகிக்காதே: இரண்டாவது.
மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன்.

"என்னை எதற்கு எடுக்கிறாய்,
அந்தப் பக்கம் கடல் இருக்கிறதே" என்றார்.
கடலை எல்லோரும் எடுத்துவிட்டார்கள் என்றேன்.
"கடல் கோபித்துக்கொள்ளாது. நான் கோபித்துக்கொள்வேன்."

ஆறு வாரம்.
குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று
அக்குளில் வைத்து அடைகாத்தேன்.
உப்பு வாளி. கம்பி.
கிழிந்த கையுறைக்குள் கிழியாத இன்னொரு கையுறை.
சம்பளச் சீட்டை மடித்து மடித்துத்
தபால்தலை அளவுக்குக் கொண்டுவரும் விரல்கள்.
டிரைவர் ஒருவர் ஜன்னல் வழியே எறிந்த ஆரஞ்சை
இருட்டில் ஒற்றைக் கையால் பிடித்தார். படம் கலங்கிவிட்டது,
எனக்கு இன்றும் அதுதான் பிடிக்கும்.
முதல் வாரம் "கொஞ்சம் தள்ளி நில்லம்மா" என்றவர்
நாலாவது வாரம் "ஏய் மதாரா, சாகப் போறியா?" என்றார்.
அன்றுதான் வேலை தொடங்கியது என்று நினைக்கிறேன்.

பிறகு அந்தச் சமையலறை.
ஜனவரி பத்தொன்பது, பிற்பகல் இரண்டரை.
வெயில் மேசையில் விழுந்து,
பீட்ரூட் சூப்பைத் தாண்டி,
எதிர் நாற்காலி வரை போய் நின்றது.
நாற்காலியில் யாருமில்லை.
இப்படி ஒன்றுக்காகத்தான் நாங்கள் தூங்காமல் அலைகிறோம்.

கண்காட்சி, டிப்போவின் சாப்பாட்டுக் கூடத்தில்.
பத்து ஆணி, பத்துப் படம்.
கடைசியில் அந்த நாற்காலி. அடியில் நான் எழுதியது:
'கணவர் போன பின், தனிமையில் ஒரு மதிய உணவு.'
இதன் முன்னால் மட்டும் ஆசிரியர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஸ்கைத்ரிதே இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.
மளிகைக் கடை பில்லைச் சரிபார்ப்பதுபோல
ஒவ்வொன்றாகப் பார்த்துவந்து
பத்தாவதில் நின்றார்.

"தனிமையா? தனியாகச் சாப்பிட்டேன். அது வேறு."
நான் பேசவில்லை.
"அது போகட்டும். என் கோட்டு எங்கே?"

ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலி அது.
ஈரக் கோட்டு காய்வது அதன் முதுகில்தான்,
பதினேழு வருஷமாக, கணவர் இருந்தபோதும்.
அவர் உப்பெடுக்க எழுந்துபோன அரை நிமிடத்தில்
அதைத் தூக்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டியவள் நான்.
ஆரஞ்சு நிறம், பளபளக்கும் பட்டைகள்;
படத்தைக் கெடுக்கிறது என்று பட்டது.

"நீ உட்காரப் போகிறாய் என்றல்லவா நினைத்தேன்" என்றார்.
"உனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினேனே."

ஊற்றினார். நினைவிருக்கிறது.
ஃப்ரேமுக்கு வெளியே, அடுப்பு ஓரத்தில்,
ஆறிக்கொண்டிருந்தது.

மூன்றாவது பாடம்: எதையும் தொடாதே.

எல்லோர் முன்னாலும் சொன்னேன்.
ஆசிரியர் தானே படத்தைக் கழற்றினார்,
என்னைப் பார்க்காமல்.
"எதற்குக் கழற்றுகிறீர்கள்," என்றார் ஸ்கைத்ரிதே,
"சூப் நன்றாகத்தானே விழுந்திருக்கிறது."

மாலை ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர்
வெறும் ஆணியில் தொப்பியை மாட்டிவிட்டு
முட்டைக்கோஸைப் பிசையத் தொடங்கினார்.
அந்த ஆரஞ்சை எறிந்தவர் அவர்தானாம்.
பெயர் கேட்டேன்,
இரண்டு தடவை.