கீழ்வீட்டுக்குச் சொன்னவை

கதவைத் தட்டியது நீங்கள் என்று தெரிந்ததும்
முதலில் விசிறியை அணைத்தேன். தப்பு.
விசிறி நின்றால்தான் வாசம் படியிறங்கி நடக்கும்.
அதையே முதல் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், தனபாக்கியம்:
பயந்த கை எதையாவது அணைக்கும்.

கோயில் கமிட்டியின் ரசீதுப் புத்தகத்தோடு நின்றீர்கள்.
சித்திரைக் காவடிக்கு நூறு ராண்ட் எழுதினீர்கள்.
பேனாவுக்கு மூடி போட்டீர்கள்.
போகவில்லை.
“மோர்கன், அதுக்கு எவ்வளவு தண்ணி ஊத்தறது?”

கொஞ்சம். நீங்கள் நினைப்பதில் பாதி.
என் முதல் செடி மூழ்கிச் செத்தது,
சாட்ஸ்வொர்த்தில், மூன்றாம் மாடியில், கடலையே பார்க்காமல்.
மேல்மண் பொய் சொல்லும், விரலை நம்பாதீர்கள்.
தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்.
அரிசி தீர்ந்த டின் கைக்குத் தெரியுமே,
அப்படித் தெரிகிற நாளில் ஊற்றுங்கள்.
குழாய்த் தண்ணீர் ஒரு ராத்திரி வாளியில் நிற்கட்டும்.
(குழாயில் தண்ணீர் வருகிற வாரமாக இருந்தால்.)

கூடாரம் அறுபதுக்கு அறுபது போதும்,
துணி அலமாரியில் பாதி.
எனக்கு அந்தப் பாதி எப்படிக் காலியானது என்பது
ரோகிணி பீட்டர்மாரிட்ஸ்பர்க் போன கதை,
அது இங்கே வேண்டாம்.
உள்ளே நாலு பக்கமும் வெள்ளித்தாள்.
ஜிப்பைத் திறந்தால் கர்ப்பகிரகம் மாதிரி வெளிச்சம்.
நான் சொல்லவில்லை, எட்டிப்பார்த்து நீங்கள்தான் சொன்னீர்கள்,
சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டீர்கள்.

ஒரு செடி போதும்.
நாலு முளைத்தால் மூன்றைப் பிடுங்க உங்களுக்கு மனம் வராது,
தானாய் முளைத்த கறிவேப்பிலைக் கன்றையும்
பால்டின்னில் எடுத்து வைப்பவர் நீங்கள்.
மூன்று வாரம் உரம் கூடாது. நல்ல மண்ணில் சோறு இருக்கிறது.
கீழ் இலை மஞ்சளானால் அது வயது.
நுனி கருகினால் நீங்கள் ஊட்டியது அதிகம்.
பந்திக்கு நிற்பவரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான்.

வெளிச்சம் முதலில் பதினெட்டு மணி நேரம்.
முழங்கால் உயரம் வந்ததும் பன்னிரண்டு;
மிச்சப் பன்னிரண்டும் சுத்த இருட்டு,
ஜிப்பின் ஓட்டையில்கூட ஒளி நுழையாத இருட்டு.
அதற்கு டைமர்.
எஸ்காம் தரும் இருட்டு வேறு, அது கேட்டு வருவதில்லை.
கரண்ட் போய்வந்தால் டைமரின் கடிகாரம் பின்தங்கும்,
ஒவ்வொரு முறையும் திருகிச் சரிசெய்யுங்கள்.
நான் செய்யவில்லை.
நள்ளிரவில் விடியலைப் பார்த்துக் குழம்பிய என் இரண்டாம் செடி
ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொம்பில் வைத்தது.
அர்த்தநாரி என்றால் கமிட்டி கோபிக்கும்.
புகைத்தவனுக்கோ வாயெல்லாம் விதை.

டர்பன் காற்றைப் பிழிந்தால் வாளி நிறையும்.
பூ தடிக்கும் நாளில் உள்ளே சாம்பல் பூசணம் குடியேறும்.
சின்ன விசிறி ஒன்று இலைகளைத் தூங்கவிடாமல்
ஆட்டிக்கொண்டே இருக்கட்டும்.

சட்டம் இப்போது நம் வாசல்வரைதான் வரும்.
விற்றால் உள்ளே வரும்.
ஒரு இலைகூட விற்காதீர்கள்.
பேரப்பிள்ளைகள் வரும் ஞாயிறில் ஜிப்புக்குப் பூட்டு.

புரட்டாசிக்கு முன்னால் முடியுமா என்று கேட்டீர்கள்.
இந்த வாரம் ஊன்றினால் ஆவணியில் வெட்டலாம்.
நகைக்கடைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்:
பூவின்மேல் உப்புமணிகள் தெளிவாக இருந்தால் பொறுங்கள்,
பாலாகத் திரண்டால் கத்தரிக்கோல்.
இருட்டறையில் பத்து நாள் தொங்கட்டும்,
பிறகு ஊறுகாய் ஜாடி, தினம் ஒருதரம் மூடி திறந்து.
தள்ளிப்போட்டால்
பெருமாளிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை.
ரசீதைக் கிழித்துக் கொடுத்தீர்கள்.
படியில் உங்கள் செருப்புச் சத்தம்
வழக்கத்தைவிட மெதுவாக இறங்கியது.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
இரண்டரை மணி நேரம் கட்டடமே மூச்சுவிடவில்லை.
வந்ததும் என் விசிறி,
அதற்கு ஒரு நொடி பிந்தி,
கீழே இன்னொன்று.

டைமரைத் திருகினீர்களா?