ஐந்து மில்லிமீற்றர்

நான் பொறியியலாளர் இல்லை.
கொம்மாதுறைத் தொழிற்சாலையில்
உதிரிப்பாகக் களஞ்சியமும் தொலைபேசியும் என் பொறுப்பு.
சூடடிக்கும் மெஷினின் வயிற்றுக்குள்
எத்தனை ஆணி என்று கேட்டால் சொல்வேன்.
ஏன் அத்தனை என்று கேட்டால்
கண்ணாடிக் கதவைக் காட்டுவேன்.

கதவுக்கு அப்பால் குளிர்.
நான்கு கணினிகள், ஒரு கடவுச்சொல்,
சப்பாத்தைக் கழற்றிவிட்டு நுழையவேண்டிய அறை.
படம் அங்கேதான் பிறக்கும், பருக்கும், பெயர் மாறும்.
எங்களுக்கு வருவது
அதன் ஏதோ ஒரு வயதில் எடுத்த போட்டோப்பிரதி.

என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே அப்படி ஒன்று.
மூலையில் தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம்.
தண்டின் தடிப்பு இருபத்தைந்து.
அதைப் பார்த்து நாற்பது பெயாரிங் எடுப்பித்தேன்.
அந்த வட்டம் காய முன்னமே
உள்ளே தண்டு முப்பதாகியிருந்தது.

யாரும் மறைக்கவில்லை.
யாரும் சொல்லவுமில்லை.

மாசி மாதம். கரடியனாற்று வட்டையில்
வெட்டிய வெள்ளாமை சூடு சூடாய்க் கிடக்க
மெஷின் நின்றுபோனது.
மெக்கானிக் பேரின்பராசா எடுத்தார்:
"பெயாரிங் நம்பர் என்னகா?"
படத்தைப் பார்த்துச் சொன்னேன்,
ஒவ்வொரு இலக்கமாய், இரண்டு தரம்.
பிழையை அவ்வளவு தெளிவாய்
நான் முன்பு சொன்னதில்லை.

முதல் பஸ்ஸில் வந்து வாங்கிப்போனார்.
மத்தியானம் திரும்பவும் மணி. ஏசவில்லை.
"தண்டு உள்ள போகுதில்லகா.
உங்கட இடத்தில இது தெரிஞ்ச ஆள் ஆரு?"

தெரிந்த ஆள் கொழும்பில், தங்கையின் கல்யாணத்தில்.
அவருடைய கணினி என்னிடம்
எட்டு எழுத்துக் கேட்டது.
இரண்டரைக்கு மழை.

மூன்று ஏக்கர் நெல்.
அதை நிரப்ப எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

பங்குனிக் கூட்டத்துக்கு
என் தொலைபேசிக் கொப்பியைக் கொண்டுபோனேன்.
ஒரு வருடத்தில் நூற்றுப் பதினேழு அழைப்பு,
எண்பதுக்கு மேல் ஒரே கேள்வி:
இது எந்தத் தண்டு?
அனோஜிதன் தலையைச் சொறிந்தார்.
"அரைகுறைப் படமெல்லாம் ஆக்கள் பார்த்தா
எதையாவது வெட்டிப்போடுவாங்க."

அவர் பயந்தது பிழையில்லை.
திறந்துவிட்ட முதல் கிழமையே
ஒட்டுப்பட்டறை ஜெகசோதி
முடியாத படத்தை நம்பி ஆறு தகடு வெட்டினான்.
இப்போதும் வாசலில் கிடக்கின்றன;
மழைநாளில் மிதித்து வர உதவும்.
அதன் பிறகு முடிந்த படம் பச்சை, முடியாதது மஞ்சள்.
சொற்களுக்காகச் சண்டை பிடித்தது நான்.
டொலரன்ஸ் என்றிருந்த இடத்தில்
"எவ்வளவு பிசகலாம்" என்று போடவைத்தேன்.
சிரித்தார்கள். மறுகா
அவர்களும் அப்படியே கதைக்கத் தொடங்கினார்கள்.

இப்போது ஒவ்வொரு மெஷினின் விலாவிலும்
கட்டம் கட்டமாய் ஒரு கறுப்புச் சதுரம்.
போனைப் பிடித்தால்
அது பிறந்த திகதி, எந்தத் தண்டு, எந்தப் பெயாரிங்,
கடைசியாய்த் திறந்த கை யாருடையது.
அடியில் ஒரு வெற்றுப் பெட்டி:
உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

இரண்டு மாதம் வெறுமையாகவே கிடந்தது.
ஒருநாள் இரவு பத்தரைக்கு ஒரு வரி விழுந்தது:
"கிரீஸ் வாய் கீழ கிடக்கு. சேறு அடைக்குது. மேல வையுங்க."
அனோஜிதன் அதை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.
நாலாம் நாள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு
கரடியனாறு போய்வந்தார்.
குளிர் அறைக்கு வெளியே
சேறு காய்ந்த சப்பாத்து ஒரு கிழமை இருந்தது.

ஐந்தாம் திருத்தம் நேற்று வந்தது.
என் மேசையிலிருந்தே திறந்தேன்.
மாற்றம்: கிரீஸ் வாய், மேற்பக்கம்.
காரணம்: சேறு.
சொன்னவர்: க. பேரின்பராசா, கரடியனாறு.

முப்பத்தொன்பது பெயாரிங் இன்னும் தட்டில்.
தூசி தட்டி, பெட்டியில் எழுதி ஒட்டினேன்:
பழைய மெஷின்களுக்கு ஆகும்.
எந்த இலக்கத்திலிருந்து
எந்த இலக்கம் வரை என்றும்.