மாம்பழத்தின் பால்

காவேரிப்பட்டணம் ரோட்டில் மாங்கூழ் கம்பெனி.
இரவு ஷிஃப்டில் பீப்பாய்களுக்கு லேபிள் ஒட்டுகிறேன்,
பாதி பிரான்சுக்கு, பாதி ரஷ்யாவுக்கு.
இரண்டில் ஒரு மொழி படிக்கலாமென்று
சித்திரையில் தோன்றியது. ஆடி வந்துவிட்டது.

வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும்.
கணக்கு, கோபம், கனவு எல்லாம் தமிழ்.
"இன்னொன்றை எங்கே வைப்பாய்?"
ஃபோர்க்லிஃப்டை அணைக்காமலே கேட்கிறார் முனிவெங்கடப்பா.

ரஷ்யக்காரர்களும்
"என்னிடம் இருக்கிறது" என்றுதான் சொல்கிறார்கள்.
"நான் தொழிலாளி": இரண்டே சொல், நம்மைப் போல.
படிக்கப் படிக்க
ஓசூர் பஸ்ஸில் ஏறித் தூங்கி
கிருஷ்ணகிரியிலேயே கண் விழித்த மாதிரி.

பிரெஞ்சில்
எழுதியதில் பாதியை உச்சரிப்பதில்லை.
சம்பளச் சீட்டின் பிடித்தம்போல
எது எங்கே போனதென்று தெரியாது.

ரஷ்ய லோடுதான் அதிகம் என்றார் சூப்பர்வைசர்.
செலவில்லாததைப் படி என்றாள் நாகவேணி.

நேற்று டீ இடைவேளையில் அகராதியில் தேடினேன்.
மாம்பழம்
ரஷ்யனில் அஃறிணை மாதிரி, வெறும் அது.
பிரெஞ்சில் பெண்.

கன்வேயரில் பெங்களூரா வந்துகொண்டிருந்தது,
ஒரு கன்னம் சிவந்து, காம்பில் பால் காய்ந்து.
பதினோரு சீசனாக
அது அழுகல், அது செங்காய், அதைத் தள்ளு
என்றே சொல்லிவந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு எதிரே
நாலு கோடு நோட்டு ஒன்று வாங்கி
அங்கேயே நின்று முதல் வரி எழுதினேன்.
கடைசி இரண்டு எழுத்தை விழுங்கி
வாய்விட்டுச் சொன்னேன்: லா மாங்க்.

"மாங்காயா?" என்றார் கடைக்காரர்.
"பக்கத்துக் கடையில் கேளும்மா."