முனையில் மட்டும்

கொருக்குப்பேட்டை கேட் போட்டால்
என் கடைக்குள் வெளிச்சம் பாதியாகும்.
வரிசையில் கடைசி லாரி எப்போதும்
என் வாசலில்தான் வந்து நிற்கும்.
பகலிலேயே ட்யூப்லைட்டைப் போட்டுக்கொண்டு
கம்பியின் முனையைத் தேடுவேன்.

பார்த்தால் வெறுங்கம்பி போலத்தான்.
கொஞ்சம் சிவப்பு கூடுதல், கொஞ்சம் மினுக்கு.
ஆனால் மேலே ஒரு தோல் இருக்கிறது,
தலைமுடியைவிட மெல்லிசு.
எழுநூறு சுற்று
இடுக்கில்லாமல் நெருங்கிக் கிடந்தும்
ஒன்றையொன்று தொடாமலிருப்பது
அந்தத் தோலால்தான்.

கடை போட்ட புதிதில்
தோலின் மேலேயே ஈயம் வைத்தேன்.
முத்து முத்தாய் உருண்டு ஓடியது.
ஒட்டியது போலிருந்த ஒன்று
காசிமேட்டு ஐஸ் அறை மோட்டாருக்குள் போய்
மூன்றாம் நாள் கைவிட்டது.
ரோசய்யா ஒரு வார்த்தை திட்டவில்லை.
அழுகிய வஞ்சிரம் ஒரு துண்டு
என் மேஜையில் வைத்துவிட்டு
போய்விட்டார்.

அப்புறம் பிளேடு.
பிளேடு செம்பிலும் ஒரு கோடு கிழிக்கும்.
மடக்கும்போது கம்பி
அந்தக் கோட்டை ஞாபகம் வைத்து
அங்கேயே உடையும்.

அப்புறம் லைட்டர்.
செம்பு கறுத்தது. புகையை ஒரே ஒரு தடவை
முகத்துக்கு நேராய் வாங்கினேன்.
ராத்திரி முழுக்க என் தொண்டைக்குள்
யாரோ எமரி தேய்த்தார்கள்.

காஸ்டிக் வேண்டாம் என்று சொன்னது
பிளேட்டிங் பட்டறை கன்னியம்மாவின் கை.
அவள் வாயே திறக்கவில்லை.

இப்போது இப்படி:
நானூறு நம்பர் உப்புத்தாள், ஒரு விரல் அகலம்,
இரண்டாய் மடித்து நடுவில் கம்பி.
அழுத்தாமல் இழுக்கணும்.
திருப்பணும். மறுபடி இழுக்கணும்.
மினுக்குப் போய் வெளிறிய சிவப்பு வரும்,
நகத்தை ஒட்ட வெட்டினால் தெரியும் சதை மாதிரி.
முகத்தில் துணி, ஜன்னல் திறந்தபடி.
தூளை ஈரத்துணியால் ஒற்றியெடுப்பேன், ஊதமாட்டேன்,
ஊதினால் அது என்னிடம்தான் திரும்பும்.
இரண்டு விரற்கடை போதும்.
சேருகிற இடத்தில் மட்டும் தோல் போனால் போதும்,
மற்றதெல்லாம் மூடியே இருக்கட்டும்.

பிறகு மீட்டர்.
சிவப்பு ஊசி இங்கே, கறுப்பு ஊசி அங்கே.
பீப்.
எத்தனை லாரி வேண்டுமானாலும்
வாசலை மறைக்கட்டும்.

நேற்று அந்திக்கு அந்த நாற்றம்.
பிவிசி எரிந்தால் மூக்கு எரியும்.
இது வேறே, இனிப்பாய் வந்து அடியில் கசக்கும்.
கால்வாய்க் கரையில் எத்திராஜ்,
பாதி அறுத்த தார் டிரம்முக்குள் நெருப்பு,
ஓரமெல்லாம் பச்சையாய்.
பனியனை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான்.

சத்தம் போடத்தான் போனேன்.
எரியாமல் மிச்சமிருந்த ஓரத்தில்
ஒரு மஞ்சள் நூல் முடிச்சு.
என் முடிச்சு.
போன வாரம் நான் எடைபோட்டு விற்ற
பழைய காயில், எட்டு கிலோ.

“தோலோட போட்டா என்னடா?”
“கிலோவுக்கு நாப்பது ரூபா கம்மிக்கா.
நீ குடுக்குறியா?”

முந்நூற்றிருபது.
கணக்குப் போட்டபடியே திரும்பி வந்தேன்.
கொளுத்திய செம்பின் விலைக்குத்தான்
அவன் என்னிடம் வாங்கியிருந்தான்.
அந்த முந்நூற்றிருபது
என் கல்லாவில்தான் இருந்தது.

காலையில் அவன் வந்தபோது
நாற்பது குறைத்துச் சொன்னேன்.
தராசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மறுபடி தராசை.
“கொளுத்தாதே” என்றேன்.
“சரிக்கா” என்றான், ரொம்ப சீக்கிரம்.

இப்போது மணி ஆறே முக்கால்.
கேட் போட்டிருக்கிறார்கள்.
வாசலில் நின்று மூக்கால் தேடுகிறேன்:
டீசல், கருவாடு,
யார் வீட்டிலோ பூண்டு தாளிக்கிறார்கள்.
அது இல்லை.
காற்று திரும்பியிருக்கலாம்.
வேறு கரைக்கு அவன் போயிருக்கலாம்.
ஊசியை எங்கே வைத்துப் பார்க்க?

உள்ளே வந்து உட்காருகிறேன்.
இருபத்தாறு கேஜ், இன்னும் நான்கு முனை பாக்கி.
இழுக்கிறேன். திருப்புகிறேன்.